மாஸரா: ஓர் இமாமின் பெயரில் வாழும் கடற்கரை நகரம்

ஸஹீஹ் முஸ்லிம் கிரந்தத்துக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதிய விரிவுரையை ஓதிய ஆலிம் பெருமக்களுக்கு ‘மாஸரீ’ என்னும் பெயர் புதியதன்று. அவ்விரிவுரையில் பல இடங்களில் அப்பெயர் வருகிறது. பிறந்த ஊரையோ பூர்வீக ஊரையோ பெயரோடு சேர்த்து வழங்குவது அக்கால அறிஞர் மரபு. புகாரா தந்த பெயர் புகாரீ. நவா தந்த பெயர் நவவீ. அவ்வாறாயின் மாஸரீ என்ற பெயரைத் தந்த ஊர் எது? அரபு நாடுகளின் வரைபடத்தில் தேடினால் அது கிட்டாது. இத்தாலி நாட்டின் ஸிஸிலித் தீவில், தென்மேற்குக் கடற்கரையில் அது இருக்கிறது. அரபியர் அதனை மாஸர் என்றனர். இன்று அதன் பெயர் மாஸரா தெல் வல்லோ.

மாஸரோ என்னும் சிற்றாறு கடலில் கலக்குமிடத்தில், ஏறக்குறைய அரை லட்சம் மக்கள் வாழும் மீன்பிடித் துறைமுகம் அது. ஸிஸிலிக்கும் துனீசியாவுக்கும் இடைப்பட்ட கடல் சுமார் 150 கிலோமீட்டர் அகலமே உடையது. ஆகவே அவ்வூராருக்குத் தம் நாட்டுத் தலைநகரான ரோமாபுரியைவிடத் துனிஸ் மாநகரமே அருகில் இருக்கிறது. இந்த அருகாமைதான் அவ்வூரின் வரலாறு முழுவதையும் நடத்திச் சென்றது எனலாம்.

கி.பி. 827, ஹிஜ்ரி 212-இல், வட ஆப்பிரிக்காவின் அக்லபிய அமீர் ஸியாதத்துல்லாஹ் அனுப்பிய கப்பற்படை ஸூஸாத் துறையிலிருந்து புறப்பட்டு மாஸராவில் கரையேறியது. பைஸாந்தியப் பேரரசுக்கு எதிராகக் கலகம் செய்த யூஃபீமியஸ் என்னும் தளபதியே உதவி கோரி அழைத்திருந்தார். படைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு போர்வீரர் அல்லர் என்பதே வியப்புக்குரியது. அவர் கைரவானின் காஜி. மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், இராக்கில் இமாம் முஹம்மது ஷைபானீ (ரஹ்) அவர்களிடமும் பாடம் கேட்ட அஸத் இப்னுல் ஃபுராத் (ரஹ்) அவர்கள். அப்போது அவர்களுக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. மறு ஆண்டே ஸிரகூஸ் நகர முற்றுகையின்போது அவர்கள் காலமானார்கள். தீவு முழுவதும் வசப்பட மேலும் பல்லாண்டுகள் ஆயின.

அதன்பின் சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகள் மாஸரா முஸ்லிம்களின் ஊராக இருந்தது. ஸிஸிலி மூன்று பெரும் பகுதிகளாகப் பிரித்து வழங்கப்பட்டபோது மேற்குப் பகுதிக்கு இவ்வூரின் பெயரே இடப்பட்டது. 1812 வரை அப்பிரிவு நீடித்தது. பழைய நகரில் கஸ்பா எனப்படும் பகுதிக்குள் நாம் நடந்து செல்வோமாயின், இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கவேண்டிய சந்துகளையும், திடீரென்று ஒரு முற்றத்தில் முட்டி நின்றுவிடும் முடுக்குகளையும் காணலாம். வெயிலையும் அந்நியர் பார்வையையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தும் நகரமைப்பு அது. சொற்களும் தங்கிவிட்டன. பாசன நீர்த்தொட்டிக்கு ஸிஸிலியர் வழங்கும் ‘ஜெப்பியா’வும், இழுவலைக்கு வழங்கும் ‘ஷாபிகா’வும், சூரைமீன் வேட்டைத் தலைவரைக் குறிக்கும் ‘ரயீஸ்’ என்பதும் அரபுச் சொற்களே.

1072-இல் நார்மானியர் மாஸராவைக் கைப்பற்றினர். கோமகன் ரோஜர் கட்டிய கோட்டையில் இன்று ஒரு வளைவு மட்டுமே எஞ்சி நிற்கிறது; மற்றவை 1880-இல் இடிக்கப்பட்டன. நகரின் தலைமைத் தேவாலய வாயிலுக்கு மேலே, குதிரைமீது அமர்ந்த ரோஜர் ஒரு முஸ்லிமை மிதித்துச் செல்வதாக 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பம் ஒன்று உள்ளது. ஆனால் அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஆற்றங்கரையில், அதே நார்மானியர் காலத்தில் எழுந்த புனித நிக்கோலா ஆலயம் கனசதுரக் கட்டடமும் அதன்மேல் ஒற்றைக் குவிமாடமுமாக, நம் பக்கத்துத் தர்காக்களின் சாயலில் நிற்கிறது. வாளால் வென்றவர்கள் கட்டடக் கலையில் தோற்றவர்களிடமே பாடம் கற்றனர்.

ஆட்சி மாறியபின் அங்கு வாழ்ந்த முஸ்லிம்களின் நிலை என்ன? இங்கேதான் இமாம் மாஸரீ (ரஹ்) அவர்கள் நம் கவனத்துக்கு வருகிறார்கள். முஹம்மது இப்னு அலீ என்னும் இயற்பெயருடைய அவர்கள், கடலுக்கு அப்பால் துனீசியாவின் மஹ்தியா நகரில் வாழ்ந்த மாலிகி மத்ஹபின் பேரறிஞர். ஸஹீஹ் முஸ்லிமுக்கு ‘அல் முஅலிம்’ என்ற விரிவுரையைத் தந்தவர்கள். அதனைக் காஜி இயாள் (ரஹ்) நிறைவு செய்து விரித்தெழுத, அவ்விரண்டிலிருந்தும் இமாம் நவவீ (ரஹ்) எடுத்தாண்டார்கள். அவ்வழியாகவே அப்பெயர் நம் மத்ரஸாக்கள் வரை வந்து சேர்ந்தது.

அவர்களிடம் ஒரு கேள்வி வந்தது. ஸிஸிலியில் கிறிஸ்தவ அரசரின் கீழ் இருக்கும் காஜி எழுதியனுப்பும் தீர்ப்புகளையும், அங்குள்ள சாட்சிகளின் சாட்சியத்தையும் ஏற்கலாமா? அவர்கள் அங்கே தங்கியிருப்பது நிர்ப்பந்தத்தாலா, விருப்பத்தாலா என்பது தெரியாதே? இது ஏட்டளவிலான வினாவன்று. கடலின் இருபுறமும் உறவும் வணிகமும் உள்ளவர்களின் சொத்தும் கடனும் இப்பதிலைப் பொறுத்திருந்தன. இமாம் அவர்களின் பூர்வீக ஊர் மக்களின் மானமும் அதில் அடங்கியிருந்தது.

இமாம் அவர்கள் கொடுத்த ஃபத்வாவின் சாரம் இது: ஒரு முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே அடிப்படை. ஒருவர் அங்கே தங்க நிர்ப்பந்தம் இருக்கலாம். அல்லது ஏற்கத்தக்க வேறு நோக்கம் இருக்கலாம். காரணம் தெரியாதபோது அவரைக் குற்றவாளியாகக் கருதலாகாது. காஜியை நியமித்தவர் முஸ்லிம் அல்லாத அரசர் என்பதாலேயே தீர்ப்பு செல்லாமற் போகாது. ஏனெனில் மக்களுக்கு நீதி வழங்க ஒருவர் இருந்தே ஆகவேண்டும். பல நூற்றாண்டுகளுக்குப்பின் வன்ஷரீஸீ தொகுத்த ‘அல் மிஃயார்’ என்னும் ஃபத்வாத் தொகுப்பில் இது பாதுகாக்கப்பட்டது. அதே தொகுப்பாளர், கிறிஸ்தவர் வசமான ஸ்பெயினில் தங்கிய முஸ்லிம்களைப் பற்றிக் கடுமையாகத் தீர்ப்பளித்தவர் என்பதை நினைக்கும்போது, மாஸரீ (ரஹ்) அவர்களின் பரிவு நமக்கு இன்னும் தெளிவாகிறது. அவர்கள் ஹிஜ்ரி 536, கி.பி. 1141-இல் காலமாகி, முனஸ்தீரில் அடக்கமாயினர்.

ஆயினும் ஃபத்வாவால் காலத்தைத் தடுக்க இயலவில்லை. ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர் 1185-இல் மாஸராவுக்கு அண்மையிலுள்ள திராபனித் துறையில் கப்பலுக்காகக் காத்திருந்தார். அங்கே முஸ்லிம் பிரமுகர் ஒருவர், பருவமெய்தும் வயதை நெருங்கிய தம் மகளை ஹாஜி ஒருவர் மணந்து அழைத்துச் செல்ல வேண்டும், இயலாவிடில் அவருடைய ஊராரில் ஒருவருக்கேனும் மணமுடித்து வைக்க வேண்டும் எனச் சொல்லியனுப்பியதை அவர் எழுதிவைத்துள்ளார். மகளை இனிக் காணப்போவதில்லை என்றறிந்தே தந்தை செய்த ஏற்பாடு அது. அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் பிரெடெரிக் பேரரசர் தீவின் முஸ்லிம்களை இத்தாலியப் பெருநிலத்திலுள்ள லூசேரா நகருக்குப் பெயர்த்தார். 1300-இல் அந்தக் குடியிருப்பும் அழிக்கப்பட்டது.

கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. மாஸரா இத்தாலியின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஆழ்கடலின் சிவப்பு இறாலுக்கு இன்றும் பெயர் பெற்றது. (1998-இல் அவ்வூர்ப் படகொன்றின் வலையில் பண்டைய வெண்கலச் சிலையொன்று சிக்கியது, அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. சுற்றுலாப் பயணிகளிற் பலர் அதனைக் காணவே வருகின்றனர்.) 1960-களின் பிற்பகுதியில் படகுகளுக்கு ஆள் போதாதபோது துனீசிய மீனவர்கள் வரத் தொடங்கினர். அவர்களிற் பெரும்பகுதியினர் இமாம் வாழ்ந்த அதே மஹ்தியாவையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்கள். 1968, 1981 நிலநடுக்கங்களுக்குப்பின் உள்ளூரார் புதிய குடியிருப்புகளுக்குச் செல்ல, ஆளொழிந்த கஸ்பாவின் வீடுகளில் இவர்கள் குடியேறினர். 1981-இல் துனீசிய அரசே அங்குப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்து, பிள்ளைகளுக்கு அரபு மொழியில் தன் பாடத்திட்டத்தைக் கற்பித்தது. நாளை ஊர் திரும்புவோம் என்ற எண்ணத்தில் பெற்றோர் அனுப்பினர். பிள்ளைகளிற் பலரோ அங்கேயே வேரூன்றினர். பிற்காலத்தில் நகராட்சி அச்சந்துகளை வண்ண ஓடுகளாலும் அரபு எழுத்துகளாலும் அழகுபடுத்தியது.

2020 செப்டம்பர் 1 அன்று மாஸராவின் இரு படகுகளை லிபியக் கடலோரப் படையினர் பிடித்துச் சென்றனர். பதினெட்டுப் பேர்: எட்டு இத்தாலியர், ஆறு துனீசியர், இரு இந்தோனேசியர், இரு செனகலியர். குடும்பத்தார் ரோமாபுரியில் நாடாளுமன்றத்தின் எதிரே அமர்ந்து போராடினர். 108 நாட்களுக்குப்பின் விடுதலை கிடைத்தது. டிசம்பர் 20 அன்று இரு படகுகளும் மாஸராத் துறைக்குள் நுழைந்தபோது, தாய்மாரும் மனைவிமாரும் பிள்ளைகளும் கரையில் காத்து நின்றனர்.