தொப்புள்கொடி விழுந்த பிறகும் ரத்தம் கசியுதா? ஃபேக்டர் 13 குறைபாடா இருக்கலாம்!

பிறந்த குழந்தைக்குத் தொப்புள்கொடி காய்ந்து, ஒன்றிரண்டு வாரத்தில் தானா விழுந்துடும். லேசா ஒரு துளி ரத்தம் பட்டா பயமில்லை. ஆனா, நின்ன ரத்தம் மறுநாள் திரும்பக் கசிஞ்சா, மஞ்சள், விபூதி வெச்சுக் கட்டிட்டு வீட்டில் காத்திருக்காதீங்க. பிறவியிலேயே வரும் 'ஃபேக்டர் 13' குறைபாட்டின் முதல் அறிகுறி பெரும்பாலும் இதுதான். பாதிக்கப்பட்டவர்களில் 10-ல் 8 பேருக்கு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

நம்மில் பலருக்குத் தெரிந்த ஹீமோபிலியா, பெரும்பாலும் ஆண் குழந்தைகளைப் பாதிக்கும். இது ஆண், பெண் இருவருக்கும் வரும். உலக அளவில் சுமார் 20 லட்சம் பேரில் ஒருவருக்குத்தான் இருக்கிறது.

ஏன் மறுநாள் கசிகிறது? டெல்டாக்காரர்களுக்கு ஈஸியா புரியும். வரப்பு உடைஞ்சா மண்ணை அள்ளிப் போடுவோம், தண்ணீர் நிக்கும். மிதிச்சு இறுக்கலைன்னா கொஞ்ச நேரத்துல மறுபடி பிச்சுக்கும். ரத்தக்கட்டியை அப்படி இறுக்குறதுதான் ஃபேக்டர் 13-ன் வேலை. கட்டி உருவாகிறதில் சிக்கல் இல்லை என்பதால், வழக்கமா எடுக்கிற பி.டி, ஏ.பி.டி.டி பரிசோதனைகள் நார்மல்னே வரும். பல குடும்பங்கள் ஏமாறுவது இங்கேதான். ரத்தக்கட்டியை யூரியா கரைசலில் போட்டுப் பார்ப்பார்கள் (வயலுக்குப் போடுற அதே யூரியாதான்!). கரைஞ்சுட்டா குறைபாடு இருக்கலாம். ஃபேக்டர் 13 அளவைப் பார்த்து உறுதி செய்வார்கள்.

மிகப்பெரிய ஆபத்து, மூளைக்குள் ரத்தக்கசிவு. 10-ல் 3 பேர் வரை இது ஏற்படலாம். அதனால் தலையில் சின்ன அடின்னாலும், வாந்தியோ, அசந்த தூக்கமோ வரட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் கூடவே கூடாது. தடுப்பூசி, பல் பிடுங்குவது எல்லாமே டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான்.

நல்ல செய்தியும் இருக்கு. இந்தப் புரதம் உடலில் பல நாள் தங்கும். அதனால் 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டாலே பெரும்பாலான குழந்தைகள் மற்ற பிள்ளைகள் மாதிரி பள்ளிக்கூடம் போய் வரலாம். அந்த மருந்து கிடைக்காத இடத்தில், ரத்த வங்கியில் கிடைக்கும் கிரையோபிரெசிபிடேட் கைகொடுக்கும். தஞ்சாவூர் பக்கம் இருப்பவர்கள் முதலில் தஞ்சாவூர் மருத்துவக்கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை அணுகலாம். மரபணுப் பரிசோதனைக்கு வேலூர் சி.எம்.சி இருக்கிறது. இந்தியக் குடும்பங்களில் இந்த மரபணு மாற்றங்களைப் பற்றி அங்குள்ள மருத்துவர்கள் ஆய்வுகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

சொந்தத்தில் கல்யாணம் பண்றது நம்ம ஊரில் சகஜம். அக்கா மகள், அத்தை பையன், மாமன் மகள் என்று முறை பார்த்துக் கட்டும்போது, இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. ஆனா, ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 4-ல் 1 வாய்ப்பு. 'மருமக வந்த நேரம்' என்று பழிபோடுகிற மாமியார்கள் கவனிக்க... பழுது ரெண்டு பக்கமும் இருந்தால்தான் வரும். ஒரு குழந்தைக்கு உறுதியானால், அண்ணன், தங்கைக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க. அடுத்த கர்ப்பத்தின்போதே டாக்டரிடம் சொல்லிவைத்தால், குழந்தை பிறந்த உடனே பரிசோதித்துவிடலாம்.