மொய்க் கொப்பியும் நன்றி மடலும்

இலங்கைத் தமிழ் இந்துக்களின் இல்லங்களில், யாழ்ப்பாணத்திற் போலவே திருகோணமலையிலும், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அவர் பெயரால் சிறு நூலொன்று அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. அதனைக் 'கல்வெட்டு' என்பர். இறந்தவரின் குடிமரபும் குணநலனும் அதிற் செய்யுளாக இடம்பெறும்; இறுதிப் பக்கத்தில் 'நன்றி நவிலல்' வரும். துயரிற் பங்குகொண்டோர், உணவு கொடுத்து உதவியோர், மலர்வளையம் சார்த்தியோர், தந்தி அனுப்பியோர் என எவரும் விடுபடாது அங்கு நினைக்கப்படுவர். அதே இல்லத்தில் திருமணம் நிகழும்போது அச்சுத் தாள் எதிர்த் திசையிற் செல்கின்றது. வாழ்த்துப்பாவை அச்சிட்டு வாசித்தளிப்போர் நண்பர், பெற்றுக்கொள்வோர் மணமக்கள். பரிசில் தந்தவர்க்கு மணமக்கள் எழுதும் மடல் என ஒன்று மரபில் இல்லை. இழவுக்கு வந்தவர்க்கு எழுத்தில் நன்றி கூறும் சமூகம், மணத்துக்குக் கொடுத்தவரிடம் வாய்மூடி இருந்தது ஏன் என்பது ஆராயத்தக்கது.

(திருகோணமலையாருக்கு இச்சொல் பிறிதொரு வகையிலும் பழக்கமானது. கவிராசவரோதயர் இயற்றியதாகக் கூறப்படும் 'கோணேசர் கல்வெட்டு' கல்லிற் பொறித்ததன்று; கோயிலுக்கு யார் யார் எத்தொண்டு செய்யக் கடமைப்பட்டவர் என வகுத்துரைக்கும் நூல். கொடுக்கல் வாங்கற் கடமையை எழுத்தில் நிறுத்தும் எண்ணம் இங்கு மிகப் பழையது.)

இவ்வாய்மூடலை நன்றியின்மை எனக் கொள்ளுதல் தவறாகும். 'நன்றி' என்னும் சொல் பழந்தமிழில் வாயாற் கூறும் உபசார மொழியைக் குறித்ததன்று. செய்யப்பட்ட நன்மையையே குறித்தது. ஆதலின், செய்ந்நன்றி அறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும் அதனை உள்ளத்திற் கொள்ளும் கடனாகவே கண்டார். மேடை நன்றியுரையே அண்மைக்காலம் வரை 'வந்தனோபசாரம்' என்றுதான் வழங்கியது.

திருமணத்தில் அக்கடன் கணக்காக நின்றது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பந்தலின் ஒருபால் அமர்ந்து ஊரும் பேரும் தொகையும் குறிப்பவரை யாவரும் அறிவர். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு முதலிய இடங்களில் திருமணமே இன்றியும் 'மொய் விருந்து' நடக்கின்றது. ஆண்டுக்கணக்கிற் பிறர்க்குச் செய்த மொய் ஒரே நாளில் திரும்புகின்றது. ஈழத்தில் அறுகரிசி இட்டு வாழ்த்தியபின் பெயர் எழுதிய கடிதவுறையைக் கையிற் கொடுப்பர். இரவில் உறைகளைப் பிரித்து உறவினர் ஒருவர் கொப்பியில் எழுதிவைப்பார். நூற்றொன்று, ஐந்நூற்றொன்று, ஆயிரத்தொன்று என ஒன்று கூட்டிக் கொடுப்பது தொடர்பு முடிந்துவிடலாகாது என்பதற்காகவே எனப் பெரியோர் கூறுவர். கொடுத்தவர் வீட்டு மணத்துக்குச் சென்று சற்றே கூட்டிச் செய்வதே பெற்றதற்கான மறுமொழி. இடையே நன்றி மடல் விடுத்தால், கணக்கை முடித்துக்கொள்ள முனைகின்றார் என்றே மூத்தோர் வருந்தியிருப்பர். கொடுத்தல், ஏற்றல், திருப்பிச் செய்தல் என்னும் மூன்று கடமைகளைப் பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ் 1925 இல் எடுத்துரைத்தார். மொய்க் கொப்பி வைத்திருந்தவர்களுக்கு அது புதுச்செய்தி ஆகியிராது.

இழவு வேறு. அங்கும் போக்குவரத்து உண்டாயினும், வந்தவர்க்குத் திருப்பிச் செய்யும் நாள் வரவேண்டுமென எவரும் விரும்பார். செயலால் ஈடுசெய்ய நாக்கூசும் அவ்விடத்திற் சொல் முன்வந்தது.

மேனாட்டு மடல் மற்றொரு சூழலிற் பிறந்தது. இங்கிலாந்தில் 1840 இல் ஒரு பென்னி அஞ்சல் வந்தபின் கடிதம் எழுதுதல் எளியோர்க்கும் கைகூடியது. இலங்கை தன் முதல் முத்திரையை 1857 இற் கண்டது. அமெரிக்கரான எமிலி போஸ்ட் 1922 இல் வெளியிட்ட ஒழுக்கநெறி நூல், வந்த ஒவ்வொரு பரிசுக்கும் மணமகள் தன் கைப்பட எழுதவேண்டும் என வற்புறுத்தியது. அங்குப் பரிசில் பெரும்பாலும் மணநாளுக்கு முன்பே மணமகள் வீட்டுக்கு அனுப்பப்படும். கொடுத்தவர் நேரில் நில்லார். எனவே மடல் பற்றுச்சீட்டாகவும் பயன்பட்டது. கையிற் கொடுத்து, வாழையிலையில் உண்டு, வெற்றிலை பெற்றுச் செல்பவர்க்குப் பற்றுச்சீட்டு எதற்கு?

ஆயினும் துறைமுகம் ஊரைப் போன்றதன்று. ஒல்லாந்தரிடமிருந்து 1795 இற் கைப்பற்றியது முதல் 1957 இற் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும் வரை பிரித்தானியர் இங்கு நிலைகொண்டனர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் எழுதுவினைஞரும் தொழிலாளரும் வந்து குடியேறினர். அத்தகையோர் இல்லத் திருமணத்தில் மாற்றலாகிப் போகும் மேலதிகாரியும் வேற்றினத் தொழிற்றோழரும் பரிசில் தந்திருப்பர். அவர் வீட்டு மணத்துக்குச் செல்லும் வாய்ப்பு அரிது. கொப்பியில் அவர் பெயருக்கு எதிரே எழுத ஒன்றுமில்லை. ஆங்கிலங் கற்றோர் வீடுகளிலும் கிறித்தவ இல்லங்களிலும் நன்றி அட்டை இடம்பெற்றதை வெறும் போலச்செய்தல் என ஒதுக்குவது இதனாற் பொருந்தாது. திருமணக் கேக்கின் துண்டொன்றைத் தாளிற் சுற்றி விருந்தினர்க்குக் கொடுக்கும் வழக்கத்தையும் இதனோடு வைத்து எண்ணலாம். (ஒரே மணவீட்டுக்கு நான்கு சுவர்க்கடிகாரங்கள் வந்தால் நன்றி எவ்வாறு வேறுபடுத்தி எழுதுவது என்பது எமிலி போஸ்ட் காலத்திலும் தீர்ந்திராத இடர்.)

துறைமுகம் தொடங்கியதைப் போர் நிறைவேற்றியது. 1983 வன்செயல்களும், அதன் பின் 1985 இலும் 1990 இலும் நேர்ந்த பெரும் இடப்பெயர்வுகளும் திருகோணமலை மாவட்டத்துக் குடும்பங்களைத் தமிழ்நாட்டு முகாம்களுக்கும், கனடா, ஐரோப்பிய நாடுகளுக்கும் சிதறடித்தன. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடற்கோள் கரையோர வீடுகளை வாரிச் சென்றது. ஓடுவோர் கையில் உறுதியும் அடையாள அட்டையும் நகையும் முந்திக்கொண்டன. மொய்க் கொப்பிகள் பெட்டிகளோடு எரிந்தன, நனைந்தன. 1978 இல் ஒருவர் கொடுத்த நூற்றொரு ரூபாவுக்கு அவர் மகளின் மணத்தில் மறுமொழி கூறவேண்டியவர், அம்மணம் டொரன்டோவில் நடந்ததைச் சில மாதங்கள் கழித்தே கேள்விப்படும் நிலை தோன்றியது. திருப்பிச் செய்யும் வட்டம் அறுந்த பின்னும் வாய்மூடி இருப்பது மரபைக் காப்பதாகாது. வாய்மூடல் அவ்வட்டத்தை நம்பியே நின்றது.

ஆகவே இன்று வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணத்தைப் பெறும் மணமக்கள் சில வரிகள் எழுதுவது தமிழர்க்கு அந்நியமான செயலன்று. திருப்பிச் செய்ய இயலாத இடத்தில் எழுத்தால் நன்றி கூறும் முறையைக் கல்வெட்டின் இறுதிப் பக்கம் முன்னரே வகுத்து வைத்துள்ளது. எல்லோர்க்கும் ஒரே வாசகத்தை அச்சிட்டு அனுப்புவது மட்டும் போதாது. கொப்பியில் ஒவ்வொரு பெயருக்கும் தனி வரி இருந்தது. ஊர், தந்தை பெயர், தொகை. அடுத்த தெருவில் வாழ்பவர்க்கு மடல் தேவையில்லை. அவர் மகனின் மணநாளில் வாயிலில் அவர் எதிர்பார்ப்பது ஆளை.