மவுண்ட் கட்டளையில் டேப் நிரப்பல்

லினக்ஸில் மவுண்ட் கட்டளையால் வட்டுப் பகுதியை இணைக்கும்போது, பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லே மீதியை நிரப்பும் வசதி. பாஷ் ஷெல்லில் (1989) ரீட்லைன் நூலகமும், கட்டளைக்கென எழுதப்பட்ட நிரப்பு நிரலும் சேர்ந்து இதைச் செய்கின்றன.

தமிழக அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் எனக் கரிசல் ஊர்களின் அரசுப் பள்ளிகளுக்கும் அவை வந்தன. லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியைத் திறக்க முயல்வோர் இந்த வசதியின் விசித்திரங்களை நேரில் காண்பார்கள்.

விண்டோஸ் தானாகச் சூட்டும் 'நியூ வால்யூம்' என்ற பெயரில் ஓர் இடைவெளி உண்டு. சாதனங்களைக் காட்டும் டெவ் அடைவின் பெயர்ப்பட்டியலில் அந்த இடைவெளி பின்சாய்கோடு, எக்ஸ், 20 என்று மாறிவிடும். இணைக்க வேண்டிய பகுதிகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டாப் கோப்பில் அதையே பின்சாய்கோடு 040 என்று எழுத வேண்டும். ஷெல்லுக்கோ பின்சாய்கோட்டை அடுத்து வெறும் இடைவெளி போதும். ஒரே பெயருக்கு மூன்று எழுத்துமுறை. புதியவர் குழம்புவதில் வியப்பில்லை.

அதைவிடத் தொல்லை தருவது அனுமதிச் சிக்கல். நிர்வாகி உரிமை தரும் சூடோவைக் கட்டளையின் முன் சேர்த்துத் தட்டினாலும் நிரப்பல் சாதாரணப் பயனரின் உரிமையிலேயே நடக்கும். நிர்வாகியான ரூட்டுக்கு மட்டும் திறந்த அடைவுக்குள் டேப் எதையும் காட்டாது. முழுப் பாதையையும் கையால் தட்டினால் அதே கட்டளை சரியாக ஓடும்.