கடினச் சொற்களுக்கு ஓர் அகராதி

1604-இல் லண்டனில் ராபர்ட் காட்ரி வெளியிட்ட சிறுநூலையே ஆங்கிலத்துக்கென வந்த முதல் தனி அகராதி என்பார்கள். சுமார் 2,500 சொற்கள். பெரும்பாலும் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு வழி வந்த அரிய சொற்கள். அன்றாடப் பேச்சுச் சொற்களை அவர் சேர்க்கவில்லை. பகட்டுக்காகவே இத்தகைய நூல்கள் பிறந்தன என்ற குற்றச்சாட்டு உண்டு. 1623-இல் ஹென்றி காக்கரம், எளிய சொல்லுக்கு ஈடாக ஆடம்பரச் சொல்லைத் தரும் பகுதியொன்றையே தம் அகராதியில் வைத்தார். ஆகவே அந்தக் குற்றச்சாட்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் காட்ரியின் முகப்புப் பக்கம் வேறு கதை சொல்கிறது. வேதாகமத்திலும் பிரசங்கங்களிலும் வரும் கடினச் சொற்களைப் பெண்களும் கல்வித் தேர்ச்சியற்ற பிறரும் புரிந்துகொள்ளவே இந்நூல் என்கிறது. லத்தீன் கற்பித்த பள்ளிகள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே திறந்திருந்த காலம் அது. புரியாத அயற்சொற்களை வாரி இறைப்பவர்களை முன்னுரையில் அவரே கண்டிக்கிறார். அகரவரிசையில் சொல்லைத் தேடுவது எப்படி என்றும் பொறுமையாக விளக்குகிறார்: முதலெழுத்து ‘ஏ’ என்றால் நூலின் தொடக்கத்தில் பார், ‘வி’ என்றால் முடிவை ஒட்டிப் பார். இந்த விளக்கம் தேவைப்பட்ட வாசகர் பகட்டுக்காரராக இருந்திருக்க முடியாது.