ஓடு

லினக்ஸ் படிக்க வருகிறவர்களை நான் முதலில் திறக்கச் சொல்லும் கோப்பு '.பாஷ்ஆர்சி'. ஹோம் டைரக்டரியிலேயே இருக்கும். ஆனால் பெயர் புள்ளியில் தொடங்குவதால் வெறும் 'எல்எஸ்' அடித்தால் தெரியாது. கூடவே '-ஏ' போட வேண்டும். வாலில் ஒட்டியிருக்கும் அந்த 'ஆர்சி' எதைக் குறிக்கிறது? 'ரன் கன்ட்ரோல்' என்பார் ஒருவர், 'ரிசோர்ஸ்' என்பார் இன்னொருவர். இரண்டும் பின்னால் வந்த ஊகங்கள். அதன் மூலச்சொல் 'ரன்காம்'.

1963-இல் பிரான்சிலிருந்து அமெரிக்காவின் எம்ஐடிக்கு வந்தார் லூயி பூசான். ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் சிடிஎஸ்எஸ் அங்கே இயங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கட்டளைகள் எழுதிய பூசானுக்கு ஒன்று பட்டது: கட்டளைகளைச் செங்கல் போல அடுக்கிப் புதிய கட்டளை கட்ட முடிய வேண்டும். அதற்காக அவர் எழுதியதுதான் ரன்காம். 'கட்டளைகளை ஓட்டு' என்பதன் சுருக்கம். கோப்பில் வரிசையாக எழுதி வைத்த கட்டளைகளை அது ஒவ்வொன்றாக நிறைவேற்றும். மாறும் இடங்களில் நாம் தரும் மதிப்பைப் பொருத்திக்கொள்ளும். நீண்ட வேலையை மாலையில் ஓடவிட்டுவிட்டு, எல்லாரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அடுத்து மல்டிக்ஸ் என்ற இயங்குதளம் உருவானபோது, பூசான் இதே எண்ணத்தை விரித்து 1965-இல் ஒரு குறிப்பு எழுதினார். அதில், கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலுக்கு அவர் வைத்த பெயர் 'ஷெல்'. கிளெண்டா ஷ்ரோடர் அதற்கு முதல் வடிவம் கொடுத்தார். யூனிக்ஸுக்குக் கென் தாம்சன் 1971-இலும் ஸ்டீபன் போர்ன் 1979-இலும் தந்த ஷெல்களைத் தாண்டி, 1989-இல் பிரையன் ஃபாக்ஸின் 'பாஷ்' வந்தது; '.பாஷ்ஆர்சி'யின் முன்பாதி இதுதான். பெயரில் சிலேடை உண்டு: 'போர்ன் அகெய்ன்' என்றால் போர்னின் ஷெல் மறுபடியும் என்றும் கொள்ளலாம், மறுபிறவி என்றும் கொள்ளலாம்.

ஆமைக்கும் நத்தைக்கும் இருக்கும் ஷெல்லைத் தமிழில் ஓடு என்கிறோம். கட்டளையை 'ஓடு' என்று ஏவுவதும் அதே எழுத்துகளில்தான். அகராதியில் இவை தனித்தனிச் சொற்கள், ஒலிதான் ஒன்று. ஆனாலும் பூசான் தந்த பெயர்களில் ரன்காமின் 'ரன்', 'ஷெல்' இரண்டும் தமிழில் ஒரே ஒலியில் வந்து நிற்பதைக் கவனித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. வகுப்பில் 'ஷெல்' என்று எழுதியதுமே அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கணினிக்கூடத்தில் 60 மாணவர்களுக்குக் கணக்குத் திறக்க வேண்டியிருந்தது. 'யூசர்ஆட்', பெயர், எண்டர்; திரும்பவும் 'யூசர்ஆட்'. இருபதைத் தாண்டுவதற்குள் ஒரு பெயரைப் பிழையாக அடித்துவிட்டேன். மறுமுறை பெயர்களை ஒரு கோப்பில் இட்டு, அதை வரி வரியாகப் படிக்கும் நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினேன். பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு டாலர் குறியும் 'நேம்' என்ற சொல்லும் மட்டும். பக்கத்தில் நின்ற மாணவி திரையை எட்டிப் பார்த்து, "ஓடுதா சார்?" என்றாள்.

"ஓடுதும்மா."