தோட்டத் துண்டாடலும் இருவகைத் தலைமையும்

1950ஆம் ஆண்டுகளில் மலாயாவின் ஐரோப்பிய முதலாளிகள் பலர் தம் இரப்பர்த் தோட்டங்களை விற்கத் தலைப்பட்டனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி மறுவிற்பனை செய்தனர். லயத்து வீடும் தோட்டத்தின் உடைமையே. ஆதலால் வேலை இழந்த தமிழ்த் தொழிலாளர் உறைவிடத்தையும் இழந்தனர்.

இந்நெருக்கடியை இருவகைத் தலைமை எதிர்கொண்டது. 1954இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் பொதுச்செயலாளர் பி.பி. நாராயணன், முதலாளிமாரோடும் அரசோடும் வாதாடித் தொழிலாளர் நலம் காக்க முனைந்தார். அமைச்சராயிருந்த வீ.தி. சம்பந்தனோ தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களைத் தாமே வாங்குமாறு தொழிலாளரை வேண்டினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடா மாநிலத்துப் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் உடைமையாயிற்று.

இவ்விரண்டனுள் எது சிறந்தது? கூலிக்கு வாதாடும் சங்கம், தோட்டமே கைமாறுங்கால் வலுவிழந்தது. கூட்டுறவோ பணம் திரண்ட பின்னரே வாங்க வல்லது. அதற்குள் விற்கப்பட்ட தோட்டங்கள் பல. ஒன்றன் குறையை மற்றொன்றே நிரப்ப வேண்டியிருந்தது. எனினும், நாட்கூலியில் மிச்சம் பிடித்துப் பங்கு செலுத்திய பால்மரத் தொழிலாளரின் நம்பிக்கை இன்றேல், எத்தலைமையும் ஓர் ஏக்கரையேனும் மீட்டிராது.