விரியும்வரை காத்திருக்கும் மணம்

நிலக்கோட்டைப் பக்கத்து மல்லித் தோட்டங்களில் விடியுமுன்பே பறிப்பு தொடங்கிவிடும். இடுப்பில் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு, செடி செடியாகக் குனிந்து, அன்று மாலை விரியப்போகும் மொட்டை மட்டும் பெண்கள் கிள்ளி எடுக்கிறார்கள். வெளுத்துப் பருத்திருந்தால் இன்றைய மொட்டு. பச்சை மாறாமல் சின்னதாக இருந்தால் நாளைக்கு. ஒரு கிலோ சேரப் பல ஆயிரம் மொட்டு வேண்டும். அதை மூக்கருகே கொண்டுபோனால் பெரிதாக மணக்காது. மல்லி தன் முழு மணத்தையும் விரியும்போதுதான் உண்டாக்குகிறது.

மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. முகூர்த்த நாளில் அதன் விலை ஏறும். தை மாதப் பனியில் விளைச்சல் குறைந்து, கிலோ ஆயிரங்களைத் தொடும். கோடையில் பூ கொட்டும்போது விலை சரியும். அப்போது சரத்துக்கும் மாலைக்கும் போக மிஞ்சும் பூவை வாங்கிக்கொள்வது சென்ட் ஆலைதான்.

மொட்டு வந்ததும் ஆலை வேலையைத் தொடங்கிவிடாது. தரையில் பரப்பிவிட்டுக் காத்திருக்கும். பொழுது சாய்ந்து, இதழ் விரிந்து, கூடமே மணக்கும்போதுதான் பூ கலனுக்குள் போகும். வெட்டிவேரும் சந்தனமும் மணத்தை வடித்தெடுக்கும் நீராவியைத் தாங்கும். மல்லி தாங்காது, அந்தச் சூட்டில் அதன் மென்மணம் கெட்டுவிடும். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூவை ஊறவைத்து மணத்தை இறக்குகிறார்கள். கரைப்பானை ஆவியாக்கி நீக்கினால் மெழுகு போன்ற ஒரு பொருள் தங்கும். அதற்குக் கான்கிரீட் என்று பெயர். 1,000 கிலோ பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கிலோதான் கிடைக்கும். அதை ஆல்கஹாலில் கரைத்து, குளிரவைத்து, மெழுகை வடிகட்டினால் கிடைப்பது அப்சொல்யூட்; எடை இன்னும் பாதியாகக் குறையும்.

பிரான்சின் கிராஸ் நகரத்தில் முன்பு வேறு வழி இருந்தது. கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவை அடுக்குவார்கள். வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ வைப்பார்கள். பல நாளில் கொழுப்பு மணமேறிவிடும். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று நாம் சொல்வதைத்தான் அவர்கள் தொழிலாக்கினார்கள்.

அப்சொல்யூட்டில் பல வேதிப்பொருள்கள் கூடி வாழ்கின்றன. இனிப்பும் பழவாசமும் தருவது பென்சைல் அசிடேட். இண்டோல் தனியாக நின்றால் பாச்சை உருண்டை போல நெடியடிக்கும். ஆனால் துளியளவு அது கலந்திருப்பதால்தான் மல்லி உயிருள்ள பூவாக மணக்கிறது. அழகுக்குள் கொஞ்சம் அழுக்கும் வேண்டும் என்பதை வாசனைக் கலைஞர்கள் நன்றாக அறிவார்கள்.

அவர்கள் ஒரு சென்ட்டை மூன்று அடுக்காகக் கட்டுகிறார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவை முதலில் எழுந்து சீக்கிரம் பறந்துவிடும். சந்தனமும் பிசின்களும் அடியில் நின்று பல மணி நேரம் தங்கும். நடுவில், அந்தச் சென்ட்டின் இதயமாக, மல்லி அமர்கிறது.

ஆகவே கடையில் சென்ட்டை மணிக்கட்டில் அடித்ததும் முடிவுக்கு வராதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள். தோட்டத்தில் மொட்டு பருக்கக் காத்திருந்தார்கள். ஆலையில் அந்தி சாயக் காத்திருந்தார்கள். மல்லி நம்மிடம் கேட்பதும் அதே பொறுமையைத்தான்.